புது பிரேக் டிஸ்க் போட்டும் ஸ்டீயரிங் உதறுகிறது, அடுத்து எதைப் பார்ப்பது?

கொங்கு டீசல்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல், 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பழைய டிஸ்க் விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்துவிட்டதால் முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கிற பேடும் ஒன்றாக மாற்றினேன். வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் வாரத்திலேயே லேசாக ஒரு நடுக்கம் தெரிந்தது, புது பேட் உட்காரும் வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள், நானும் நம்பினேன். இப்போது 2,600 கி.மீ. ஆகிறது, சேலம் ரோட்டில் 90-இல் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் இடதும் வலதுமாக உதறுகிறது, பெடலும் காலடியில் துடிக்கிறது. 40-க்குக் கீழே வந்தால் ஒன்றுமே இல்லை. பிரேக் தொடாமல் 110 போனாலும் வண்டி எண்ணெய் மாதிரி போகிறது.

திரும்பப் போய்க் கேட்டால் டிஸ்க் மட்டமான சரக்கு, வேறு வாங்கி வாருங்கள் போடலாம் என்கிறார்கள். வாங்கச் சொன்னதே அவர்கள்தான். இன்னொரு செட் டிஸ்க்குக்குக் காசு கொட்டுவதற்கு முன்னால் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

மலைப்பாதை:
டிஸ்க் கோணிப்போயிருக்கும் நண்பரே. மலை இறங்கி வந்த சூட்டோடு வாட்டர் வாஷ் விட்டீர்களா? எனக்கு ஏற்காடு போய் வந்த மறுநாள் இதே கதை. லேத்தில் கொடுத்து ஒரு சீவல் சீவினால் சரியாகிவிடும்.

பழைய ஸ்பேனர்:
கொஞ்சம் பொறுங்கள், லேத்துக்கு இப்போதே ஓட வேண்டாம். கோணிப்போச்சு என்று எல்லோரும் சொல்வோம், ஆனால் தெருவில் ஓடுகிற காரில் டிஸ்க் சூட்டில் வளைவது அபூர்வம், பெரும்பாலும் நடப்பது வேறு.

கேள்வி எழுதியவர் பாதி வேலையை அவரே முடித்துவிட்டார். பிரேக் பிடிக்காமல் 110 போனால் ஆட்டமில்லை என்றால் வீல் பாலன்ஸிங் கணக்கில் வராது. ஸ்டீயரிங் உதறுகிறது என்றால் முன்பக்கம்தான். சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்து ஸ்டீயரிங் சும்மா இருந்தால் பின் பிரேக் டிரம் வட்டம் கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். அதற்கு ஒரு சோதனை உண்டு: ஆளில்லாத, ஈரமில்லாத நேர்ரோட்டில் 50-இல் போகும்போது ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெதுவாக இழுக்க வேண்டும். பட்டனை விட்டால் லாக் ஆகிவிடும், ஜாக்கிரதை. அப்போது உதறல் வந்தால் பின்பக்கம்.

முதல் வாரம் லேசாக இருந்தது, போகப் போகக் கூடியது என்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். சக்கரம் மாட்டுகிற ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துரு இருந்தால் டிஸ்க் நேராக உட்காராது, சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டம் மட்டும் என்றால் பேடைத் தாங்குகிற காலிபர் தன் பின்னில் (அது சறுக்குகிற கம்பியில்) கூடவே நகர்ந்து கொடுத்துவிடும், உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் பிரேக் தொடாத நேரத்திலும் டிஸ்க்கின் மேடான இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் பேடை உரசிக்கொண்டே போகும். 90 கி.மீ. வேகத்தில் உங்கள் டயர் நொடிக்கு ஏறக்குறைய 13 சுற்று. இப்படியே சில ஆயிரம் கி.மீ. போனால் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். அப்புறம் பிரேக் மிதிக்கும்போது தடித்த இடமும் மெல்லிய இடமும் மாறி மாறிப் பேடுக்கு நடுவே வரும், காலிபருக்குள் பேடை அழுத்துகிற பிஸ்டனைத் தள்ளும், விடும், தள்ளும். பெடலில் நீங்கள் உணர்கிற துடிப்பு அதுதான். 0.02 மி.மீ. வித்தியாசம் போதும், ஆள் உணர்ந்துவிடுவான். சாதா வெர்னியர் இதைக் காட்டாது, மைக்ரோமீட்டர் வேண்டும்.

அதனால் முதலில் டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள். பதினோரு வருட வண்டியில் துரு இல்லாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் முடித்தார்கள் என்றால் அதைத் துடைத்துக்கூட இருக்க மாட்டார்கள்.

கடலோரம்:
ஸ்பேனர் அண்ணன் சொன்னதேதான். நான் இருப்பது தூத்துக்குடி, இங்கே ஹப் முகம் அப்பளம் மாதிரி செதில் செதிலாக வரும். டிஸ்க்கில் எதிரெதிரே மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும், அதில் 8 மி.மீ. போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாகக் கழன்று வரும், சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். நட்டு ஏறுகிற ஸ்டட் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வளையமாகத் துரு ஒளிந்திருக்கும், கம்பி பிரஷ் அங்கே போகாது, சின்ன உளி அல்லது உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஹப்பில் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தால் டிஸ்க் விளிம்பில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரியும், அங்கே ஆரம் பெரிது இல்லையா.

இன்னொன்று, நட்டை எதில் இறுக்கினார்கள்? ஏர் கன்னில் ஒன்றை முழுக்க அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் டிஸ்க் ஒரு பக்கமாக இழுத்து உட்காரும்.

லேத்துக்காரன்:
என் பிழைப்பைக் கெடுக்கிறீர்களே 😄 ஆனால் உண்மையைச் சொல்கிறேன். துரு இருக்கும் ஹப்பில் எத்தனை டிஸ்க் சீவிப் போட்டாலும் மூன்று மாதத்தில் திரும்பி வரும். என்னிடம் ஒருவர் ஒரே டிஸ்க்கை மூன்று முறை கொண்டுவந்தார், மூன்றாவது முறை நானே அவர் வண்டியைப் பார்க்கப் போனேன், ஹப் பேரிங் ஆடிக்கொண்டிருந்தது. சீவுகிறவர்களிடம், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனைப் பார்த்துவிட்டுச் சீவச் சொல்லுங்கள், தேய்ந்த சக்கில் (லேத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) மாட்டி சீவினால் நாங்களே புது ஆட்டத்தைச் சேர்த்து அனுப்புவோம்.

இந்த ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் என்னிடம் இருக்கிறது, சேலம் பக்கம் என்றால் வாருங்கள். டிஸ்க்கை வாஷர் வைத்து நான்கு நட்டிலும் இறுக்கிவிட்டு, விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே முள்ளை வைத்துக் கையால் சுற்ற வேண்டும். 0.05-க்குள் இருந்தால் நிம்மதி, 0.1 தாண்டினால் விடக்கூடாது. கூடினால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டிப் பாருங்கள், ஹப்பின் கோணலும் டிஸ்க்கின் கோணலும் ஒன்றையொன்று தின்றுவிடும். சிரிக்காதீர்கள், பல தடவை வேலை செய்திருக்கிறது.

மலைப்பாதை:
சரி, கோணல் என்று அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் சூடு விஷயம் முழுக்கப் பொய்யா? எனக்கு உண்மையிலேயே மலை இறங்கிய பிறகுதானே வந்தது.

பழைய ஸ்பேனர்:
பொய் இல்லை. கொதிக்கிற டிஸ்க்கோடு செக்போஸ்ட்டில் நின்று பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால் பேட் பூச்சு அந்த ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், தடிமன் வித்தியாசம் அப்படியும் வரும். புது பேடைப் பழக்கும்போதும் இதையே கவனிக்க வேண்டும்: 60-லிருந்து 20 வரை மிதமாக ஒரு பத்து தடவை குறைப்பது, நடுவில் கொஞ்சம் ஓடிக் காற்று வாங்க விடுவது, முழுக்க நிறுத்தி அழுத்திப் பிடிக்காமல் இருப்பது.

கொங்கு டீசல்:
ஞாயிற்றுக்கிழமை லேத்துக்காரர் சாரிடம் போய் வந்தேன். வலது பக்கம் 0.04, பிரச்சினை இல்லை. இடது பக்கம் 0.13! கழற்றினால் ஹப்பில் கீழ் ஸ்டட்டை ஒட்டி சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு துருச் செதில், புது டிஸ்க்கின் உள்முகத்தில் அதே இடத்தில் பளபளவென்று ஒரு அச்சு விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பக்கம் காலிபரின் கீழ் பின்னும் இறுகியிருந்தது, பழைய க்ரீஸ் மெழுகு மாதிரி. சுத்தம் செய்து மாட்டினால் 0.07, ஒரு ஸ்டட் தள்ளி மாட்டியதும் 0.03.

மைக்ரோமீட்டரில் இடது டிஸ்க்கை எட்டு இடத்தில் அளந்தோம், 0.02-க்கு மேல் வித்தியாசம் ஏற்கெனவே வந்துவிட்டது. அதனால் அதை மட்டும் லேசாகச் சீவி, பேடை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டோம். திரும்பி வரும்போது 90, 100 இரண்டிலும் மிதித்துப் பார்த்தேன். ஸ்டீயரிங் அசையவில்லை. பெடலில் மட்டும் மிக மிக லேசாக ஏதோ இருக்கிற மாதிரி, அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

நட்டு இறுக்கும் நேரத்தில் அங்கே வேலை செய்கிற பையன் பழக்கத்தில் ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். சார் ஒரு பார்வை பார்த்தார், பேசாமல் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குகிற டார்க் ரென்ச்சை எடுத்துக் கொடுத்தான்.

லேத்துக்காரன்:
😄 100 கி.மீ. ஓடியதும் நட்டை ஒருமுறை அதே ரென்ச்சில் பாருங்கள், குறுக்கு வரிசையில். பெடலில் அந்த லேசான துடிப்பு 500 கி.மீ. தாண்டியும் இருந்தால் வாருங்கள், சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பார்த்துவிடலாம், அன்றைக்கே இடது பக்கம் ரப்பரில் ஒரு கீறல் கண்ணில் பட்டது.