மறுமொழி: கல்லூரி நிதியுதவிக் கணக்கில் வரும் எண்ணுக்குத் தமிழ்ப்பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பெற்றோருக்காக நாம் தொகுத்துவரும் கையேட்டில், 'ஸ்டூடண்ட் எய்ட் இண்டெக்ஸ்' (கூட்டரசின் நிதியுதவிப் படிவத்தில் குடும்பம் தரும் விவரங்களைக் கொண்டு கணக்கிடப்படும் எண்) என்பதற்கு நண்பர் முன்வைத்த 'மாணவர் உதவிக் குறியீட்டெண்' சொல்லுக்குச் சொல் சரியானதே. விலைவாசிக் குறியீட்டெண் என்று நாளிதழ்கள் எழுதிப் பழக்கியிருப்பதால் அது அயலாகவும் ஒலிக்காது. ஆயினும், 'உங்கள் உதவிக் குறியீட்டெண் 30,000' என்று படிக்கும் தாய், முப்பதாயிரம் டாலர் உதவி கிடைக்கப்போகிறது என்றே மகிழ்வார். உண்மையிலோ அந்த எண் ஏற ஏற உதவி குறையும். ஆங்கிலப் பெயரிலேயே உள்ள இக்கோளாற்றை நாம் தமிழுக்கும் கொண்டுவர வேண்டியதில்லை. இன்னொருவர் சொன்ன 'சுட்டெண்', இலங்கைத் தமிழருக்குத் தேர்வு எழுதுவோரின் எண்ணையே நினைவூட்டும்.

சென்ற வாரம் நானே 'செலுத்துதிறன் எண்' என்று பரிந்துரைத்தேன். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். 2020 டிசம்பரில் இயற்றப்பட்டு 2024-25 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், இந்த எண்ணுக்கு இருந்த 'எதிர்பார்க்கப்படும் குடும்பப் பங்களிப்பு' என்ற பழைய பெயரை மட்டும் மாற்றவில்லை, கணக்கிடும் முறையையும் மாற்றியது. முன்பு பெற்றோரின் பங்கு 24,000 டாலர் என்று கணக்கிடப்பட்டு, இரட்டைப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் கல்லூரியில் படித்தால், அது பிள்ளைக்கு 12,000 என வகுக்கப்பட்டது. இப்போது ஃபாஃப்சா என்ற அந்தக் கூட்டரசு நிதியுதவிப் படிவம், வீட்டில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டாலும், கூட்டரசின் கணக்கு அந்த விடையைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே 24,000 வந்து நிற்கிறது. வருமானம் இரட்டிக்காத வீட்டில் இதைத் 'திறன்' என்று அழைத்தால், அந்தப் பெற்றோரைக் கேலி செய்வதாகிவிடும்.

இந்த எண்ணின் முதன்மையான வேலை இதுதான்: கல்லூரியின் மொத்த ஆண்டுச்செலவிலிருந்து இதைக் கழித்தால் மாணவரின் நிதித்தேவை கிடைக்கும். ஆகவே 'கழியெண்' என்று முன்மொழிகிறேன். பள்ளிக் கணக்கில் 'பகு எண்' வினைத்தொகையாக வழங்குவது போலவே இதுவும் அமைகிறது. கழி என்றால் கோலும் உப்பங்கழியும் கூடத்தான் என்று யாரேனும் சொல்லலாம். எண்ணோடு சேரும்போது அந்த மயக்கம் எழாது. எண் மைனஸ் 1,500 வரை இறங்கக்கூடும் என்பதால் 'பங்களிப்பு' போன்ற சொல் எப்படியும் பொருந்தாது.

அடுத்தது ஓய்வுக்காலச் சேமிப்பு. 'ஓய்வூதியச் சொத்து' வேண்டாம். ஓய்வூதியம் என்றதும் நம்மவர் அரசு ஊழியரின் மாதப் பணத்தையே நினைப்பர், ஊழியர் தம் சம்பளத்திலிருந்து வேலையிடம் வழியே சேமிக்கும் 401(கே) கணக்கு அப்படிப்பட்டதல்ல. அந்தக் கணக்கில் உள்ள இருப்பை ஃபாஃப்சா சொத்தாகக் கேட்பதில்லை; பெற்றோரின் சாதாரண வங்கிச் சேமிப்போ, அந்தச் சேமிப்புத் தொகையில் உச்ச அளவாக 5.64 விழுக்காடு வரை கழியெண்ணில் கூட்டக்கூடும். இவ்வாறு விடுபடும் சேமிப்புக்கு 'கணக்கில் வராத சொத்து' என்று வரைவில் எழுதியிருக்கிறோம். அன்புகூர்ந்து உடனே மாற்றுங்கள், வருமானவரிச் சோதனைச் செய்தி போல ஒலிக்கிறது! வரிவிலக்கு நமக்குப் பழகிய சொல் ஆதலால் 'விலக்குச் சேமிப்பு' போதும். ஆனால் பிள்ளையின் கட்டணத்துக்காக அதிலிருந்து பணத்தை எடுத்தால், அந்த ஆண்டின் வரிக்கணக்கில் அது பொதுவாக வருமானமாக ஏறி, இரண்டு ஆண்டு கழித்துத் தொடங்கும் கல்வியாண்டுக்கான படிவத்தில் கழியெண்ணை உயர்த்தும் என்ற எச்சரிக்கை, சொல்விளக்கத்தின் உள்ளேயே இடம்பெற வேண்டும்.

நீக்கப்பட்ட பழைய வகுத்தலை 'உடன்பிறந்தார் சலுகை' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது யாரும் இரங்கித் தந்த சலுகையல்ல, 'உடன்பிறந்தார் பங்கீடு' என்பதே நேர்மையான பெயர். சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற தனி நிதியுதவிப் படிவத்தையும் கேட்கும் தனியார் கல்லூரிகள் சிலவற்றில், தங்கள் சொந்த நிதியை வழங்கும்போது இப்பங்கீடு வேறு வடிவில் இன்னும் தொடர்வதால், இந்தச் சொல்லை வழக்கொழிந்தது என்று குறிக்காமல் கையேட்டில் வைத்திருக்கலாம்.

'கழியெண்' குறித்த மறுப்புகளை, குறிப்பாக இரண்டு பிள்ளைகளுக்கு ஒருசேரப் படிவம் நிரப்பியவர்களிடமிருந்து, எதிர்பார்க்கிறேன்.