அதபாஸ்கா கிளேசியர்: ஆறு பேருக்கும் பஸ் டிக்கெட் எடுக்கத்தான் வேணுமா?

செங்காந்தள்:
ஓகஸ்டில ரொறன்ரோவில இருந்து கல்கரிக்குப் போய், கார் எடுத்து கனடா ரொக்கி மலையில இருக்கிற பான்ஃப், ஜாஸ்பர் பார்க்கிற பிளான். நாங்கள் ரெண்டு பேர், பிள்ளையள் மூண்டு (12, 9, 5 வயசு), மாமியும் வாறா. கொலம்பியா ஐஸ்ஃபீல்டில பெரிய சில்லு வைச்ச பஸ்ஸில அதபாஸ்கா கிளேசியருக்கு, அதான் அந்தப் பனியாறுக்கு, மேல ஏத்திக்கொண்டு போவினம் எல்லோ, அதுக்குப் பெரிய ஆளுக்கு நூறு டொலரைச் சுற்றி வருது. ஆறு பேருக்கும் கூட்டிப் பார்த்தால் மோட்டல் காசு தோத்துப்போகும். காசு குடுக்காமலே நடந்து போய்ப் பார்க்கலாம் எண்டு இவர் நிக்கிறார். பிள்ளையளுக்கு ஐஸில கால் வைச்சே ஆகோணுமாம். போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

காரோட்டி:
அவர் சொல்றது சரி. பஸ் டிக்கெட் குடுக்கிற ஐஸ்ஃபீல்ட் சென்ரருக்கு எதிர்ப்பக்கம் கார் பார்க் இருக்கு, அங்க இருந்து நடைபாதை. சதம் செலவில்லை. பார்க் பாஸ் எடுக்கிறதெண்டாலும் அதில 17 வயசு வரைக்கும் பிள்ளையளுக்கு இலவசம், ஒரு காரில ஏழு பேர் வரைக்கும் ஒரே குடும்பப் பாஸ். பாதை முடியிற இடத்தில கயிறு கட்டியிருக்கு. அதைத் தாண்டிப் போய் ஐஸில நிண்டு படம் எடுக்கிற சனத்தை எப்பவும் காணலாம். கவனமாப் போனால் ஒண்டும் நடக்காது. பஸ்காரர் உங்களை ஐஸில விடுறதே அரை மணித்தியாலம் வராது, அதுக்கு இவ்வளவு காசா?

வெள்ளிமலை:
காரோட்டி, பாஸ் விவரமெல்லாம் சரி. ஆனா அஞ்சு வயசுக் குழந்தையோட வர்றவங்ககிட்ட கயித்தைத் தாண்டலாம்னு எப்படிங்க சொல்றீங்க?

நான் கால்கரியில இருக்கேன், வர்ற சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டுப் போறது என் வேலை. அந்த ஐஸ் அசையாம கிடக்கறதில்ல, மெல்ல நகருது. மேடு பள்ளத்துல இறங்கறப்போ வெடிச்சுப் பிளவு விழும். பிளவு மேல மெல்லிசா பனி மூடியிருந்தா, நிக்கற வரைக்கும் தெரியாது. உள்ள போகப் போகக் குறுகிட்டே போகும். விழுந்த ஆள் ஆப்பு அடிச்ச மாதிரி சிக்கிக்குவார், உடம்புச் சூட்டுல பக்கத்து ஐஸ் கரைஞ்சு இன்னும் கீழ இறங்குவார். மீட்க ஆள் வர்றதுக்குள்ள குளிர்லயே செத்துப்போனவங்க அதே கிளேசியர்ல உண்டு. நடைபாதை ஆரம்பத்துலயே எச்சரிக்கைப் பலகை இருக்கு, யாரும் நின்னு படிக்கறதில்ல.

இன்னொண்ணு, கயிறு இருக்கற இடத்துல இருந்து ஐஸ் வெகுவா தள்ளிப் போயிடுச்சு. 125 வருஷத்துல ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல பின்வாங்கியிருக்கு. வர்ற வழியில, ஐஸ் எந்த வருஷம் எதுவரைக்கும் இருந்ததுன்னு ஆண்டு போட்டு அடையாளம் வச்சிருக்காங்க. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு பஸ்ஸை விட அதுதான் மனசுல நிக்கும்.

காரோட்டி:
பஸ் மட்டும் பாதுகாப்போ? 2020 ஜூலையில அதே வண்டி ஒண்டு சரிவில உருண்டு மூண்டு பேர் செத்தவை. அதை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?

கந்தரோடையான்:
நடந்ததுதான், மறைக்க ஒண்டுமில்லை. அதுக்காக கயிறு தாண்டுறது பாதுகாப்பு எண்டு ஆகிடுமோ? உங்கட நியாயம் விளங்கேல்லை.

தங்கச்சி, மாமியை யோசியுங்கோ. அந்த நடைபாதை கடைசியில ஏத்தம், முழுக்க உருட்டுக் கல்லு. ஐஸில இருந்து கீழ அடிக்கிற காத்து ஓகஸ்டிலயும் காதைப் பிய்க்கும். ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம் வேற. முழங்கால் நோ இருக்கிற மனுசி அரைவாசியில இருந்திடுவா. பஸ் எண்டால் கதவு திறந்தால் ஐஸ். ஓடுற இடத்தையும் சனம் நிக்கிற இடத்தையும் சோதிச்சு வைச்சிருப்பினம். இவ்வளவு தூரம் பறந்து போய் மாமியைக் கார் பார்க்கில இருத்திப்போட்டு வரப்போறியளோ? சிக்கனத்துக்கும் ஒரு அளவு இருக்கு.

நீலப்பறவை:
பருமன்ல பாதிக்கு மேல கரைஞ்சுபோன ஒரு கிளேசியர் மேல, டயரே ஆள் உயரம் இருக்கற டீசல் வண்டியை ஓட்டறாங்க. அதுக்குக் காசு வேற குடுக்கணுமா? தூரத்துல நின்னு பார்த்தா போதாதா?

கந்தரோடையான்:
ரொறன்ரோவில இருந்து கல்கரிக்குப் போற பிளேன் என்ன பச்சைத் தண்ணியிலயோ ஓடுது?

நீலப்பறவை:
அதுவும் கேள்விதான். ஆனா பிளேன் கிளேசியர் மேல இறங்கறதில்லையே.

வெள்ளிமலை:
சண்டை அப்புறம். நடுவுல ஒரு வழி இருக்கு, அதை யாரும் சொல்லல: வழிகாட்டியோட நடக்கறது. பூட்ஸுக்குக் கீழ மாட்ட இரும்புப் பல் வச்ச கிராம்பான் குடுப்பாங்க, பிளவு எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள் முன்னாடி போவார். சில மணி நேரம் நிஜமாவே கிளேசியர்ல நடக்கலாம். ஐஸோட மேல்பரப்பு சாம்பல் தூசியும் கல்லுமா அழுக்கா இருக்கும், சின்னப் பசங்க "இதுவா?"ன்னு கேப்பாங்க. உருகின தண்ணி அறுத்த வாய்க்கால் ஓரம் உக்காந்து உள்ள பார்த்தா தெரியும் அந்த நீலம். பஸ்ல போனா அந்த அளவுக்கு அவகாசம் கிடைக்காது. காசு பஸ்ஸை விடக் கொஞ்சம் கூட, சின்னக் குழந்தைகளை எடுக்க மாட்டாங்க, வயசு வரம்பை புக் பண்றப்போ கேட்டுக்கோங்க.

காசே வேண்டாம்னா வில்காக்ஸ் பாஸ்னு ஒரு மலைக்கணவாய் இருக்கு, அதுக்குப் போற பாதையில ஏறுங்க. சென்ட்டருக்குக் கொஞ்சம் தெக்கால ஆரம்பிக்குது. கணவாய் வரைக்கும் போகணும்னு இல்ல. மரங்களைத் தாண்டி மேல வந்ததும் பார்க்ஸ் கனடா வச்ச சிவப்பு நாற்காலி ரெண்டு இருக்கும். அங்க உக்காந்தா எதிர்மலையில இருந்து கிளேசியர் முழுசா இறங்கி வர்றது தெரியும். கீழ இருந்து பார்க்கற எவனுக்கும் இந்தக் காட்சி கிடைக்காது. அதிர்ஷ்டம் இருந்தா மலையாடும் வரும்.

செங்காந்தள்:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில வாசிச்சுக் காட்டினன். கயிறு கதை இனி இல்லை எண்டு இவருக்குச் சொல்லியாச்சு. இவரும் மூத்தவனும் வழிகாட்டியோட நடக்கட்டும். மாமி, நடுப்பிள்ளை, சின்னவள், நான் நாலு பேரும் பஸ். ரெண்டு டிக்கெட்டைக் குறைக்க மாமியையும் சின்னவளையும் சென்ரரில விடலாமோ எண்டு இவர் கேட்டவர், மாமி தன்ரை பென்ஷன் காசில டிக்கெட் எடுக்கிறன் எண்டுட்டா.

காரோட்டி:
அப்ப மிச்சம் பிடிச்சது என்ன? ஒரு சதமும் இல்லை.

கந்தரோடையான்:
மாமியின்ரை டிக்கெட் மிச்சம்தானே.

வெள்ளிமலை:
ரெண்டு குரூப்பும் ஒரே நேரத்துக்கு புக் பண்ணுங்க, காலையிலயே வச்சுக்கோங்க, மத்தியானம் கார் பார்க் நிரம்பிடும். லேக் லூயிஸ்ல டேங்கை நிரப்பிடுங்க, ஜாஸ்பர் வரைக்கும் 230 கிலோமீட்டர், நடுவுல ஒரே ஒரு பங்க்தான். அந்த ரோட்டுல பெரும்பாலும் போன் சிக்னல் கிடையாது, யார் எங்க யாரை சந்திக்கணும்னு முன்னாடியே பேசிக்கோங்க. சின்னவளுக்கும் மாமிக்கும் கையுறை, குல்லா. ஆகஸ்ட்தானேன்னு விட்டுடாதீங்க.