மாலை யாருக்கு? ஏற்காட்டுக் கண்காட்சிப் பலகையால் வந்த வழக்கு

சேர்வராயன் நிழல்:
ஏற்காட்டில் ஒரு பள்ளிக் கண்காட்சி. ‘சென்னையில் கண்ட முதல் சிறுகோள்: நார்மன் போக்சன்’ என்று பலகை, படத்துக்குச் சாமந்தி மாலை வேறு. ரகுநாதாச்சாரி எங்கே? சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்த ஆங்கிலேயர் போக்சன் கப்பலைவிட்டு இறங்கும் முன்பே அங்கே உழைத்தவர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டவர். அவருக்கு ஒரு வரிகூடக் கிடையாதா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
பலகையை எழுதியவன் நான்தான், தம்பி. தலைப்பு சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றும் சின்னப் பாறை. ரகுநாதாச்சாரி கண்டது விண்மீன். 1861 ஏப்ரல் 17 அன்று போக்சன் கண்டது இந்தக் கண்டத்திலிருந்தே கண்ட முதல் சிறுகோள். அதனால்தான் ‘ஆசியா’ என்று பெயர். வானத்தைப் படமெடுக்கும் வசதி இல்லாத காலம். வானத்தின் ஒரு துண்டிலுள்ள மங்கல் புள்ளிகளையெல்லாம் தாளில் குறித்துவைத்து, பிறகு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். தாளில் இல்லாத புள்ளி தென்பட்டு, அது மறுநாள் நகர்ந்தும் இருந்தால் சிக்கியது! இப்படிச் சென்னையில் ஐந்து. ஆக்ஸ்போர்டில் முன்பே மூன்று.

சேர்வராயன் நிழல்:
எண்ணிக்கையில் எனக்குச் சண்டை இல்லை, ஐயா. பார்த்ததை அச்சேற்றாமல் ஆண்டுக்கணக்கில் அடுக்கிவைத்தவரும் அவர்தானே? 1891இல் அவர் இறந்த பிறகு மிச்சத்தை அவருக்கு அடுத்து வந்த வானியலர் மிச்சி ஸ்மித் அல்லவா முடித்தார்? மகள் ஐசிஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவர் பெயரும் பலகையில் இல்லை.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அந்த மகளை 1886இல் ராயல் வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தவரே தந்தைதான். பெண் என்பதால் சேர்க்கவில்லை. 1920இல்தான் இடம் கொடுத்தார்கள். இதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். ஆள் பற்றாக்குறையில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு விழித்தவர் அவர். விண்மீன் ஒளி அளவீட்டில் ஒரு படி மங்கினால் ஒளி ஏறக்குறைய 2.512 மடங்கு குறையும் என்ற கணக்கும் அவர் தந்ததே.

காப்பித்தோட்டம்:
இருவருமே காவலூர் வானாய்வகத்தை மறந்துவிட்டீர்கள். 1885இல் போக்சன் ‘வேரா’ சிறுகோளைக் கண்ட பிறகு நூறாண்டு தாண்டி, 1988இல்தான் இராஜமோகன் அங்கிருந்து ‘இராமானுஜன்’ சிறுகோளைக் கண்டார். மாலையில் பாதி அவருக்கு. நேற்றிரவு லேடீஸ் சீட் பக்கம் என் தொலைநோக்கியை நிறுத்தினேன். கீழே சேலத்து விளக்குகளில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. லென்ஸில் பனி வேறு. வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்தே விடிந்துவிட்டது.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
ரகுநாதாச்சாரிக்குத் தனிப் பலகை எழுதுகிறேன். மாலையைக் கழற்ற மாட்டேன்.

சேர்வராயன் நிழல்:
தனிப் பலகை என்றால் கழிவறைப் பக்கம் மாட்டுவீர்கள். அதே பலகையில், அதே அளவு எழுத்தில் வேண்டும். காப்பித்தோட்டம் அண்ணா, லென்ஸை வேட்டியாலா துடைத்தீர்கள்?