“உங்க வீட்டுல தண்ணியில போன ஆத்மா ஒண்ணு நிக்குது”: மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் சம்மாட்டி

போன வாரம் டீக்கடையில் ஒருவர், “டிகிரி முடிச்ச நீயுமாப்பா ஏமாந்த?” என்று கேட்டார். ஆமாம், ஏமாந்தேன். எப்படி என்று எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

என்னை ஏமாற்றியவர் சாமியார் இல்லை. கோட்டு போட்டவர், காதோரம் மைக் மாட்டியவர். நான் ஏமாந்த வருடம் பிப்ரவரியில் எங்கள் விசைப்படகை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. ஆட்கள் திரும்பி வந்தார்கள், படகு வரவில்லை. பிறகு தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மற்றவன் எல்லாம் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெயிண்ட் அடிக்கக்கூடப் படகு இல்லை. வட்டிக்காரர் மட்டும் தவறாமல் வந்தார். அப்போதுதான் மச்சினன் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனான். மூன்று நாள் வெற்றிப் பயிற்சி. முதல் நாள் இலவசம், மதியச் சாப்பாடும் உண்டு.

வாசலிலேயே செல்போனைத் துணிப்பையில் போட்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே ஏசி எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

காலையில் கை தூக்கச் சொன்னார். “பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.” யார் தூக்காமல் இருப்பார்கள்? “அதுக்காக உங்களை மாத்திக்கத் தயாரா இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க.” நின்றோம். “பக்கத்துல இருக்கிறவர் கையைப் பிடிச்சு, நான் தயார்னு சத்தமாச் சொல்லுங்க.” சொன்னோம். சாயங்காலம் அதே குரலில், “காலையில தயார்னு சொன்னவங்க பின்னாடி இருக்கிற மேஜைக்குப் போகலாம்” என்றார். மேஜையில் ரசீதுப் புத்தகம். இப்போது உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டாம் என்றா? இரண்டாம் கட்டத்துக்கு 18,000 ரூபாய். ராத்திரி 12 மணிக்குள் கட்டினால்தான் அந்த விலை.

இடையில் இன்னொன்று நடந்தது. விளக்கை அணைத்து, பாட்டைப் போட்டு, கண்ணை மூடி அப்பாவை நினைக்கச் சொன்னார். கடனில் படகு வாங்காதே என்று சண்டை போட்டு, என்னோடு பேசாமலே செத்தவர் என் அப்பா. உடைந்துவிட்டேன். அழுகிறவனைத் தேடித்தான் மைக் வந்தது. 200 பேர் முன்னால் எல்லாவற்றையும் கொட்டினேன். மனசு லேசானது என்பது உண்மை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என் பூட்டின் சாவி அவர் கையில்.

மூன்றாம் கட்டம் 75,000. வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. அங்கே ஒருநாள் துணிந்து கேட்டேன்: “எல்லாம் நம்ம எண்ணம்தான்னா, என் படகு ஏன் சார் பிடிபட்டுச்சு?”

“உங்க படகைப் பிடிச்சது நேவி இல்ல. உங்க பயம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டருக்குள்தான் கடல். 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்களில் எல்லைக்கோடு வந்தது. இந்தப் பக்கம் மீன் குறைந்துபோச்சு, டீசல் விலை ஏறிப்போச்சு. இதெல்லாம் தெரிந்த நான், ‘பயம்’ என்று ஒருத்தர் சொன்னதும் அத்தனையையும் அதற்குள் போட்டு மூடிக்கொண்டேன். ஜெயித்தால் அவர் பயிற்சி, தோற்றால் என் எண்ணம். இந்தக் கணக்கில் அவருக்கு எந்தக் காலத்திலும் நஷ்டமே வராது.

சின்னப்பாலம் டீச்சர்

அண்ணே, உங்களுக்குக் கோட்டு, எங்கம்மாவுக்குக் காவி.

அம்மா கடலில் பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசிக்காகக் கையில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் கிழிபடுகிற வேலை. தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்துக்குப் போனபோது ஒரு சாமி கூப்பிட்டுக் கையில் கயிறு கட்டினார். “காசு வேண்டாம் தாயி” என்றாராம். அம்மாவுக்கு அதுவே பெரிய மரியாதை. வாங்கியதற்கு ஏதாவது திருப்பித் தராமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியாது. பக்கத்து வீட்டு மீன்குழம்புக் கிண்ணத்தைக்கூட வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். அந்தக் குணத்தின்மேல்தான் கயிறு கட்டினார்.

அப்புறம் கண்ணை மூடிச் சொன்னது: “உங்க வீட்டுல தண்ணியில போன ஆத்மா ஒண்ணு தாகத்தோட நிக்குது.”

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் போனவர் அம்மாவின் தாத்தா. நான் பிறந்த வருடம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர் மாமா. “பேரே தெரியாம எப்படிடி சொன்னாரு?” என்று கேட்டார். பேர் தெரியாததால்தானே சொல்லவில்லை! தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை தண்ணீரில் ஆளைக் கொடுக்காத மீனவர் வீடு எத்தனை இருக்கும்? அந்த வாக்கியத்தை அவர் அக்னி தீர்த்தத்தில் யாரிடம் சொன்னாலும் பாதிப் பேராவது அழுவார்கள். சொந்தக்காரர் நினைவாகத் தர்ப்பணம் கொடுக்க வருகிற இடம் அது.

பி.எட். படித்தபோது உளவியல் பாடத்தில் ஒரு சோதனை வந்தது. 1948-இல் அமெரிக்காவில் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்கு ‘உன் குணம் இது’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் பல வரிகள் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. அதைப் பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்கிய நான், அம்மா வந்து சொன்னபோது எனக்கும் மயிர் கூச்செறிந்தது.

முதலில் 101 ரூபாய், அடுத்து 1,100, அப்புறம் ஹோமத்துக்கு 11,000. பாதியில் நிறுத்தினால் ஆத்மா வீட்டுப் பிள்ளைமேல் இறங்கும் என்றார். வீட்டுப் பிள்ளை நான்தான். எனக்காகத்தான் அம்மா கட்டிக்கொண்டே இருந்தார்.

கயிறை அறுக்க அவருக்கு மனசு வரவில்லை. உப்புத் தண்ணீரில் இத்துப்போய் ஒருநாள் தானாக விழுந்தது.

கீழக்கரை, இப்போது துபாய்

எங்கள் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தையில்லை. உம்மா ஓர் ஓதிப் பார்ப்பவரிடம் கூட்டிப்போனார். பெயர் கேட்காமலே, “இது ரெண்டாவது மக. மாப்பிள்ளை வெளிநாட்டுல. உங்களுக்கு நாத்தனாரோட மனஸ்தாபம்” என்று அடுக்கினாராம்.

விடுமுறையில் வந்தபோது நானும் போனேன். வெளித்திண்ணையில் ஓர் அம்மா எங்களோடு உட்கார்ந்து, தேத்தண்ணி கொடுத்து, “நானும் பிரச்சினையோடதான் வந்தேன், இப்ப சுகம்” என்று பேச்சுக் கொடுத்தார். எத்தனை பிள்ளை, யார் எங்கே வேலை என்று விசாரித்தார். அரை மணி நேரம் கழித்து அவர் எழுந்து உள்ளே போனார். அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள். உம்மா போன தடவையும் ‘ஒரு நல்ல பொம்பளை’ பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருந்தார்.

இதுவே அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. பீட்டர் பாப்போஃப் என்ற மதபோதகர் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களின் பெயரையும் நோயையும் சொல்லுவார். 1986-இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணரின் குழு ரேடியோ ஸ்கேனர் வைத்துப் பிடித்தது. போதகரின் மனைவி, ஜனங்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து வயர்லெஸ்ஸில் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வயர்லெஸ், இங்கே ஒரு தம்ளர் தேத்தண்ணி.

எங்கள் ஓதிப் பார்ப்பவர் எலுமிச்சையை வெட்டி ரத்தம் வரவழைத்தும் காட்டினார். செம்பருத்திப் பூவைக் கத்தியில் தேய்த்துக் காயவைத்துப் பழத்தை வெட்டிப் பாருங்கள், புளிப்பு பட்டதும் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதே, அந்தச் சாதிதான். ஆனால் இதையெல்லாம் செய்துகாட்டிய பிறகும் உம்மா மாறவில்லை. ஏனென்றால் ஓதிப் பார்ப்பவர் முதல் நாளே, “வீட்டு ஆம்பளைகள்ட்ட சொல்லாதீங்க, சொன்னா ஓதினது முறிஞ்சிரும்” என்று சொல்லிவைத்திருந்தார். என் பேச்சைக் கேட்பதே உம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. நான் அனுப்பிய பணம்தான் போனது. அதைவிட, ஒன்றரை வருடம் உம்மா என்னிடம் கணக்கு மறைத்தார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

உச்சிப்புளி

கதவு திறந்துதானே இருந்தது, எழுந்து வரவேண்டியதுதானே? படித்தவர்கள் எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

மண்டபம் சம்மாட்டி

தம்பி, கதவு திறந்துதான் இருந்தது. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் அரிசோனா பக்கம் செடோனாவில் ஜேம்ஸ் ரே என்ற வெற்றிப் பயிற்சியாளர், ஐம்பதுக்கு மேற்பட்டவர்களைக் கூடாரத்துக்குள் உட்காரவைத்தார். காய்ச்சிய கற்களைக் கொண்டுவந்து வைத்துத் தண்ணீர் ஊற்றி ஆவி பிடிக்கும் சடங்கு. அதற்கு முன்னால் 36 மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் விட்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கூடாரத்தின் வாசலைத் திறந்தார்கள். சிலர் வெளியே வந்தார்கள். வராதவர்களில் 3 பேர் செத்தார்கள். அவருக்கு 2011-இல் இரண்டு வருடச் சிறைத்தண்டனை. அங்கே இருந்தவர்களும் படித்தவர்கள்தான். ஆளுக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் டாலர் கட்டியவர்கள். அவ்வளவு கட்டிய பிறகு எழுந்து வருவது என்றால், கட்டினது தண்டம் என்று நானே என் வாயால் சொல்வது. 18,000-க்கே என்னால் அது முடியவில்லை.

பெரியபட்டினம்

எல்லாரையும் ஒரே வலையில் போட்டு இழுக்காதீர்கள். நான் குடியை விட்டது ஒரு முகாமில்தான். ஏழு வருடமாகத் தொடவில்லை. எங்கள் ஐயா ஒரு பைசா கேட்கவில்லை.

மண்டபம் சம்மாட்டி

அது உண்மையாக இருக்கும் அண்ணே, நான் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: நடுவில் நீங்கள் போகாமல் இருந்தால் அவர் என்ன சொல்லுவார்?

பெரியபட்டினம்

“சோலி இருந்தாப் பாரு, முடிஞ்சப்ப வா” என்பார்.

மண்டபம் சம்மாட்டி

அப்படியானால் உங்கள் ஐயாவைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.

நர்ஸ் அக்கா

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 19 வருடமாக வேலை. பணம் போனவர்கள் பாக்கியசாலிகள் என்று சொல்லத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சர்க்கரை நோயாளி ஒருவர், மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர், வருவதை நிறுத்தினார். ஜெபக்கூட்டத்தில் குணமாகிவிட்டதாக மேடையேறிச் சாட்சி சொல்லியிருந்தார். மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று அங்கே சொன்னார்களாம். காலில் புண் வந்தபோது அவரால் எங்களிடம் வர முடியவில்லை. நோய் தடுக்கவில்லை, அந்தச் சாட்சி தடுத்தது. ஊர் முன்னால் ‘குணமாயிட்டேன்’ என்று சொன்னவர் எந்த முகத்தோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்? கடைசியில் ராத்திரி எட்டு மணிக்குப் பின்வாசலில் வந்து நின்றார், தலையில் துண்டு போட்டுக்கொண்டு. இரண்டு விரல் எடுக்கவேண்டியதாயிற்று. அவரை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறுபடி அங்கேதான் போயிருப்பார்.

ஏர்வாடியை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலைத் தீ. தனியார் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் போனார்கள். தர்காவில் தங்கினால் குணமாகும், கனவில் உத்தரவு வரும்வரை இருக்கட்டும் என்று நம்பி விட்டுப்போனவர்களும் அந்தக் குடும்பங்களில் இருந்திருப்பார்கள். அந்த நம்பிக்கையைப் பணமாக்கியவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போது தர்காவிலேயே துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் சேர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு வந்திருக்கிறது. அது நல்ல வழி.

இன்னொரு விஷயம். சர்க்கரை நோயை மந்திரத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நோட்டீஸ் கையில் கிடைத்தால் கிழித்துப் போடாமல் எடுத்து வையுங்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். தாமதித்தால் பணத்தைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

மண்டபம் சம்மாட்டி

அக்கா சொன்ன சாட்சி விஷயம் சுருக்கென்றது. நான் மைக்கில் அழுததைப் படம் எடுத்திருந்தார்கள். அடுத்த முகாம் நோட்டீஸில் என் முகம், கீழே ‘மண்டபம் மீனவர், வாழ்க்கையை மீட்டவர்’. அதைப் பார்த்து எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் போய்ப் பணம் கட்டினார்கள். டீக்கடையில் கேட்டவர் அவர்களில் ஒருவரின் அண்ணன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

படகு வரவில்லை. இப்போது வேறொருவர் படகில் பங்குக்குப் போகிறேன். சங்கிலியைப் போன மாசம்தான் மீட்டேன்.

அவர்களிடமிருந்து இன்னும் போன் வருகிறது. “உங்களுக்காக ஒரு சீட்டு வெச்சிருக்கோம் அண்ணே” என்று ஒரு பையன் பேசுவான். நேற்று ராத்திரி வந்தபோது, உனக்கு என்னப்பா சம்பளம் என்று கேட்டேன். சம்பளம் இல்லையாம். மூன்றாம் கட்டத்துக்குப் பணம் இல்லாததால் போன் பண்ணிக் கழிக்கிறானாம். ஊர் எது என்றேன், தேவிபட்டினம் என்றான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் குரலை இறக்கி, “அண்ணே, நீங்க கட்டுன காசைத் திருப்பிக் கேட்டீங்களா? குடுத்தாங்களா?” என்றான்.