திருகோணமலை நிலாவெளி உப்பளம், களப்பு: ஜனவரிப் பறவைக் கணக்கெடுப்புக்குக் கடல் பெருக்கு நேரம் பார்க்க வேணுமா?

கரைச்சிக்காரன்:
ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு உப்பளத்தையும் பக்கத்துக் களப்பையும் நாலு பேர் எடுத்திருக்கிறம். கடல் ஏறி நிற்கும் பெருக்கு நேரத்தில் எண்ணச் சொல்லிக் கையேட்டில் இருக்கு. வற்றுப் பெருக்கு அட்டவணை பார்த்து நேரம் குறிக்கலாமா? 8×42 பைனாகுலர் மூன்று, 20–60 மடங்கு டெலஸ்கோப் ஒன்று இருக்கு. கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக் கூட்டத்தை எப்படி எண்ணுறது?

உப்பாறு:
அட்டவணையை மறந்துவிடுங்கோ. கடல் பல மீட்டர் ஏறி இறங்கும் கரைகளில் பெருக்கு சேற்றை மூட, பறவையெல்லாம் ஒரு மேட்டில் வந்து குவியும். அதற்கான அறிவுரை அது. திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இரண்டடி வித்தியாசம் வந்தாலே பெரிசு.

களப்பில் சேறு தெரிவதைத் தீர்மானிப்பது மாரி மழையும் முகத்துவாரமும்தான். வாய் மணலால் அடைபட்டு வெள்ளம் நின்றால் குட்டைக்கால் பறவைகளுக்குக் கால் ஊன்ற இடமிராது. உப்புப் பாத்தி, வரம்பு என்று சிதறிவிடும். வாய் உடைத்து நீர் வடிந்தால் திரும்பி வரும். ஒரு கிழமை முன்னமே நீர்மட்டத்தைப் பாருங்கோ. களப்பையும் உப்பளத்தையும் ஒரே காலையில், இரண்டு சோடியாகப் பிரிந்து எண்ணுங்கோ. நாள் மாறினால் ஒரே கூட்டம் இரண்டு தரம் பதிவாகும்.

விடிய 6.30க்குத் தொடங்கி, கடற்பக்கம் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். ஒன்பதுக்குப் பிறகு கானல் எழும்பி உள்ளான்களின் கால் நிறமே தெரியாது. உப்பளத்துக்குள் இறங்க முன்கூட்டி அனுமதி எடுங்கோ. கடற்படை முகாம் பக்கம் டெலஸ்கோப் திரும்பவே கூடாது, விளக்கம் சொல்லியே காலை போய்விடும்.

சேற்றுக்கால்:
பூநாரை, நெடுங்கால் உள்ளான், கொக்கு மாதிரிப் பெரிசுகளை முதலில், ஒவ்வொன்றாக. கொசு உள்ளானுக்குக் கூட்டத்தின் ஓரத்தில் 20 பறவையை எண்ணி, அந்த அளவு இடத்தைக் கண்ணில் பிடித்து, ஒரே திசையில் நகர்த்திக்கொண்டு போங்கோ. நடுவில் நெருக்கம் கூடினால் அங்கே புதிதாக 20 எண்ணிப் பிடிக்க வேணும். இதை விடுகிறதால்தான் பெரிய கூட்டங்கள் அநேகமாகக் குறைவாகவே பதிவாகுது. ஒருவர் எண்ண, மற்றவர் எழுதட்டும். மூன்று தரம் எண்ணிச் சராசரி எடுங்கோ. பருந்து வந்து கிளப்பினால், எண்ணின பாதியை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கோ.

வாடைக்காற்றில் 60 மடங்கு வேலைக்காகாது, 25–30 போதும். முக்காலிக் காலை நீட்டாமல் குந்தியிருந்து பாருங்கோ.

கரைச்சிக்காரன்:
நன்றி. உப்புக்கொத்திகளில்தான், எது எந்த இனம் என்று தடுமாற்றம்.

சேற்றுக்கால்:
தடுமாறினால் "இனம் தெரியாத உப்புக்கொத்தி" என்றே எழுதுங்கோ. இங்கே கூடு கட்டும் சின்ன உப்புக்கொத்தியை 2023 ஆய்வு கெண்டிஷ் உப்புக்கொத்தியிலிருந்து தனி இனமாகப் பிரித்து ஹனுமான் உப்புக்கொத்தி என்றது. தூரத்தில் ஊகித்துப் பெயர் போட வேண்டாம்.

உப்பாறு:
இன்னொன்று: பறவையே இல்லாத பாத்திக்கும் "0" போடுங்கோ. வெற்றாக விட்டால், போகவில்லை என்றுதான் வாசிப்பினம்.