முதுகுவலியோடு உயரமான மேசை முன் உட்கார்ந்து வேலை செய்ய எந்த ஸ்டூல் சரிவரும்?

காட்பாடி_போர்டு:
வணக்கம். காட்பாடியில் மொபைல், லேப்டாப் போர்டு சர்வீஸ் செய்கிறேன். வயது 41. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் வேலை. போன தை மாதம் இடுப்பில் பிடித்த வலி இடது காலில் கெண்டைக்கால் வரை இறங்க ஆரம்பித்தது, ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் (மெத்தை மாதிரியான தட்டு) பிதுங்கியிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் இப்போது வேண்டாம், நடங்கள், பயிற்சி செய்யுங்கள், உட்காரும் இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

எதற்கு மாற்றுவது என்பதில்தான் குழப்பம். இப்போது இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலை ஒன்றின்மேல் ஒன்று போட்டு உட்காருகிறேன், சாய மாட்டேன், கால் பாதி தொங்கும். மேசை கிரானைட் பலகை, சுவரோடு பதித்தது, தரையிலிருந்து 36 அங்குலம். வாடகைக் கடை, அதைத் தொட முடியாது. ஆபீஸ் ரிவால்விங் சேர் வாங்கலாமா, இல்லை குதிரைச் சேணம் மாதிரி இருக்கிறதே அந்த சேடில் ஸ்டூல் நல்லதா? 6000 ரூபாய்க்குள் பார்க்கிறேன். உபயோகித்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர்_அப்பர்:
தம்பி, ஆபீஸ் சேர் வாங்கிவிடாதே. சாதாரண ரிவால்விங் சேரை முழுக்க ஏற்றினாலும் உட்காரும் இடம் 21 அங்குலம் பக்கம்தான் வரும், உன் மேசைக்கு அது பள்ளம். கையைத் தூக்கியே வேலை செய்வாய், இடுப்புவலியோடு தோள்வலியும் சேர்ந்துவிடும்.

நான் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் யூனிட்டில் முப்பது வருஷம் இருந்தவன், கடைசி பன்னிரண்டு வருஷம் சூப்பர்வைசர். அங்கே பார்த்த தப்பு என்னவென்றால் பிளாட் மெஷினுக்கும் போஸ்ட் மெஷினுக்கும் ஒரே உயர ஸ்டூலைப் போடுவார்கள். போஸ்ட் மெஷினில் தைக்கும் இடம் தூண் மாதிரி மேலே நிற்கும், அதே ஸ்டூலில் உட்கார்ந்தால் பெண்பிள்ளைகள் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடி தைக்க வேண்டும். பிளாட் மெஷினில் போய் உட்கார்ந்தால் கழுத்தைக் கவிழ்த்துக்கொண்டு. சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சிலருக்கு ஸ்டூலுக்கு அடியில் கட்டை வைத்து உயரத்தைச் சரிசெய்து கொடுத்தேன், அவர்கள் அப்புறம் வேறு ஸ்டூலைத் தொடவே மாட்டார்கள்.

அதனால் முதலில் அளவு எடு. நிமிர்ந்து உட்கார்ந்து மேல்கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கு. உட்காரும் பலகையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு என்று யாரையாவது அளக்கச் சொல். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் 8, 9 அங்குலம் வரும். பொடி வேலைக்கு மேசை முழங்கையைவிட இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கலாம், கண்ணுக்குக் கிட்டே வரும், குனிவது குறையும். அப்படிக் கணக்குப் போட்டால் உன் 36 அங்குல மேசைக்கு 25 அங்குலம் பக்கம் ஸ்டூல் வேண்டும்.

கால் தொங்கக் கூடாது, இதை மறந்துவிடாதே. உட்காரும் இடத்துக்குக் கீழே 16, 17 அங்குலத்தில் பாதம் முழுக்கப் பதிகிற மாதிரி ஒரு பலகை வேண்டும். ஸ்டூலில் வருகிற அந்த ஒல்லி வளையம் போதாது, அரை மணியில் பாதம் வலிக்கும்.

பிசியோ_வேலூர்:
அண்ணா சொன்ன உயரக் கணக்கு சரி. சேடில் ஸ்டூல் பற்றி நான் சொல்கிறேன் சார். அதில் தொடை சரிந்து இறங்குவதால் இடுப்பு பின்பக்கம் சரியாது, முதுகின் கீழ்வளைவு தானாக நிற்கும். பல் டாக்டர்கள் நிறையப் பேர் அதில் உட்காருவது அதனால்தான். ஆனால் வாங்கிய அன்றே எட்டு மணி நேரம் உட்காராதீர்கள். முதல் வாரம் ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும், தொடையின் உள்பக்கம் வலிக்கும், பிறகு பழகும். சிலருக்குக் கால்களுக்கு நடுவில் அழுத்தி மரத்துப்போகும், அவர்களுக்கு அது ஒத்துவராது. கடையில் கால் மணியாவது உட்கார்ந்து பார்க்காமல் ஆன்லைனில் வாங்குவதை நான் விரும்ப மாட்டேன்.

உங்களுக்குக் கால்வரை வலி இறங்குகிறது. குனிந்து உட்காரும்போது டிஸ்க்கில் அழுத்தம் கூடும், ஆகவே முதுகுச்சாய்வு உள்ள உயரமான ஸ்டூல்தான் என் முதல் தேர்வு. சாய்வு இடுப்புக் குழியில், பலகையிலிருந்து 6 முதல் 8 அங்குலம் மேலே தாங்க வேண்டும், தோள்வரை உயர்ந்த சாய்வு உங்கள் வேலைக்கு எதற்கும் உதவாது. உட்காரும் பலகை முன்னும் பின்னும் ரொம்ப நீளமாக இருந்தால் முதுகு சாய்வைத் தொடவே தொடாது, அதையும் பாருங்கள்.

மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறீர்களா? அதன் கண்குழல் தாழ்வாக இருந்தால் எந்த ஸ்டூல் வாங்கியும் குனிவீர்கள். அடியில் மரக்கட்டை வைத்து ஏற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று இரண்டு நிமிடம் நடங்கள், போனில் அலாரம் வைத்தாவது. இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ, பாதம் தூக்க முடியாமல் இழுத்தாலோ ஸ்டூலைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பி.எம்.ஆர். (உடலியக்க மறுவாழ்வு) துறை இருக்கிறது, அங்கே அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளிடம் மேசையில் நீங்கள் வேலை செய்யும் போட்டோவைக் காட்டிக் கேளுங்கள்.

குடியாத்தம்_பட்டறை:
அண்ணா, வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். எனக்கும் இதே தொல்லை, 2800 ரூபாயில் முடிந்தது. ஒரு அங்குல ஸ்கொயர் பைப்பில் நாலு கால், அடி அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் எட்டும்போது கவிழும். சக்கரம் வேண்டாம், மொசைக் தரையில் சாயும்போது வழுக்கி ஓடும், கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் போதும். பஞ்சு வைத்து ரெக்சின் போடாதீர்கள், நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது, வேர்த்து வழியும். பழைய நாற்காலிகளுக்குப் பின்னுவார்களே அந்த ஒயர் பின்னச் சொன்னேன், காற்றோட்டமாக இருக்கிறது. இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், தொய்ந்தால் தொட்டிலில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், முதுகுக்கு அது கெடுதல்.

காட்பாடி_போர்டு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி கடை மூடியதும் என் மனைவி டேப் பிடித்து அளந்தார். முழங்கை எட்டரை அங்குலம். 25 அங்குலத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று மரப்பெட்டிகளை அடுக்கி உட்கார்ந்தால் தொடை டிராயரில் இடிக்கிறது! கிரானைட்டுக்கு அடியில் நானே போட்ட டிராயர், அதன் அடிப்பக்கம் தரையிலிருந்து 29 அங்குலம்தான். இத்தனை நாள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வேலை செய்ததற்குக் காரணம் அதுதான் என்று இப்போதுதான் புரிகிறது. உடனே கழற்றிவிட்டேன்.

மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் மூன்று அங்குலக் கட்டை வைத்தாயிற்று. சேடில் ஸ்டூல் இப்போதைக்கு வேண்டாம். சத்துவாச்சாரியில் தெரிந்த வெல்டர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஆம்பூர் அண்ணா, கால் பலகையை ஸ்டூலோடு சேர்த்து வெல்டு வைப்பதா, தனியாகத் தரையில் போடுவதா?

ஆம்பூர்_அப்பர்:
தனியாகப் போடு தம்பி. எட்டரை அங்குல உயரம், உன் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. ஸ்டூலோடு ஒட்டினால் அதன்மேல் ஏறி நிற்கத் தோன்றும், ஸ்டூல் கவிழும். தனியாக இருந்தால் தள்ளிவைத்துவிட்டு நின்றும் வேலை பார்க்கலாம்.