பழைய மொபைல் ஹோம் தகரக் கூரை: ஒட்டுப் போடலாமா, மாற்றணுமா?

லேக்லேண்ட்வாசி:
வணக்கம். அப்பா அம்மா தங்குவதற்காக வாங்கிய வீடு இது. 1979-ல் செய்த ஒற்றை அகல மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடு), மெல்லிய கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) தகரக் கூரை. இங்கே ஃப்ளோரிடாவில் 2024 அக்டோபர் மில்டன் புயலில் பக்கத்து கார் ஷெட் தகடு ஒன்று பறந்து வந்து கூரையை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துவிட்டது. ஓரப் பட்டையும் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். பார்க்க வந்தவர்களில் ஒருவர் கூரையையே மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் வெள்ளை கோட்டிங் அடித்தால் போதும் என்கிறார். சீலிங் பழுப்பாகி உப்பியிருப்பது கிழிசலுக்குக் கீழே இல்லை, தள்ளி, குளியலறைப் பக்கம். எதை நம்புவது?

கூரைவேலைக்காரன்:
தம்பி, இந்த மாதிரிக் கூரைகள்தான் என் பிழைப்பு. கிழிசல் பெரிய விஷயமில்லை, ஓரப் பட்டைதான் எனக்குக் கவலை. காற்று தகரத்தை நடுவிலிருந்து பிடுங்காது, ஓரத்தில் விரல் நுழைகிற இடம் கிடைத்தால் அங்கிருந்துதான் உரித்துக்கொண்டு போகும். பட்டையின் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். கையாலேயே சுற்றி வந்தால் உள்ளே மரம் மக்கியிருக்கிறது. மரத்தை மாற்றாமல் நீள ஸ்க்ரூவாகப் போட்டு முறுக்குவது வீண் வேலை.

குளியலறைப் பக்கம் ஒழுகுகிறது என்றால் முதலில் வென்ட் குழாயை, அதாவது கூரைக்கு மேலே நீட்டியிருக்கும் காற்றுப்போக்கிக் குழாயை, சுற்றிப் பாருங்கள். தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, தகரத்தின் அடியிலேயே ஓடி, வேறிடத்தில் சொட்டும். இந்த வீடுகளில் குழாய் அடியும் தகர மடிப்புகளும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

கிழிசலுக்கு அதே கால்வனைஸ்டு தகடு, எல்லாப் பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை), மேலே ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ. வாஷர் லேசாகப் பிதுங்கினால் நிறுத்திவிடுங்கள், நசுங்கினால் வெயிலில் வெடித்துவிடும். செம்புத் தகடு மட்டும் வேண்டாம், துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். சிலிக்கான் பசையையும் தொடாதீர்கள், அதன்மேல் அந்த வெள்ளை அக்ரிலிக் கோட்டிங் ஒட்டவே ஒட்டாது.

கோட்டிங் கடைசி வேலை. கழுவி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, மடிப்புகளில் துணிப்பட்டை ஒட்டிய பிறகுதான் அது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அக்ரிலிக் தாங்காது, பள்ளத்தைச் சரிசெய்துவிட்டு அடியுங்கள். மேலே நடக்கும்போது அடியில் கூரை மரச்சட்டம் போகிற வரிசை பார்த்து, பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

ஆர்லாண்டோ அக்கா:
தார்ப்பாய்க்குக் கீழே, சூடு தடுக்க வைத்திருக்கிற கண்ணாடிப் பஞ்சை யாரும் சொல்லவில்லையே! நனைந்த பஞ்சு லேசில் காயாது. உப்பிய சீலிங்கை வெட்டி, ஈரப் பஞ்சை எடுத்துவிட்டுத்தான் மேலே மூடணும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், வயசானவர்களுக்கு மூச்சு வாங்கும். வேலை தொடங்குமுன் இன்ஷூரன்ஸுக்காக எல்லா மூலையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

லேக்லேண்ட்வாசி:
நன்றி அண்ணா, அக்கா. வென்ட் குழாய் அடியில் பழைய தார் வெடித்துக் கிடக்கிறது, பென்சில் நுழைகிறது. ஓரத்து மரம் கதவுப் பக்கம் மட்டும் மக்கியிருக்கிறது. பழைய கூரைமேலேயே புதுத் தகரக் கூரை போடலாம் என்றும் ஒருவர் சொன்னார், சரியா?

கூரைவேலைக்காரன்:
செய்வார்கள், நல்ல முறைதான். ஆனால் எடை பார்க்கணும். கூரை தாங்கவேண்டிய எடைக்காக அமெரிக்காவை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; தெற்கு மண்டலத்து வீடுகளின் கூரைக்குச் சதுர அடிக்கு 20 பவுண்டுதான் கணக்கு. உங்கள் வீட்டின் மண்டலம் சமையலறை அலமாரிக்கு உள்ளேயோ மின்சாரப் பெட்டி பக்கமோ ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். இன்னொன்று, 1992 ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு 1994-ல்தான் இந்த வீடுகளுக்குக் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது. அதனால் புதுக் கூரைக்குச் செலவு செய்யுமுன் தரையோடு கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகளையும், அவற்றை மண்ணில் பிடித்துவைக்கும் ஆங்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். மரம் ஓரிடத்தில்தான் போயிருக்கிறது என்றால் இப்போதைக்கு ஒட்டுப் போட்டாலே போதும் என்பேன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, அப்போது வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பனி காய்ந்த பிறகு அடியுங்கள், சாயங்காலத்துக்குள் முதல் கோட் இறுகிவிடும்.